வட்டத்துக்குள் அடங்காத ஊர்

கும்பகோணத்தில் உள்ள ஒரு பாத்திரக் கடைக்கு இணையத்தில் டிஸ்பிளே விளம்பரம், அதாவது தளங்களிலும் செயலிகளிலும் படத்தோடு தோன்றும் விளம்பரம், கொடுக்கும் பொறுப்பு 2018ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் என்னிடம் வந்தது. அதற்கு முன் ஏழு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பாளராக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, நாளிதழுக்குள் வைத்துக் கொடுக்கும் நோட்டீஸ், பேருந்தின் பின்புறத்தில் ஒட்டும் விளம்பரம் ஆகியவையே என் வேலையாக இருந்தன. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் கூகுள் தன் விளம்பரச் சேவைகளில் தமிழைச் சேர்த்திருந்தது. தமிழ்ச் செய்தித் தளங்களில் தமிழிலேயே எழுதிய உள்ளூர் விளம்பரம் தோன்ற முடியும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய திறப்பாக இருந்தது. ஆவணி முகூர்த்தங்களுக்குச் சீர் பாத்திரம் வாங்குகிற குடும்பங்கள் ஆடித் தள்ளுபடியிலேயே வாங்கத் தொடங்கிவிடும் என்பதால், ஆடி முதல் தேதியிலிருந்து விளம்பரம் ஓட வேண்டும் என்று கடை முதலாளி சொன்னார்.

முதல் பத்து நாள்களின் கணக்கை அவரிடம் எடுத்துச் சென்றபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நோட்டீஸில் நாங்கள் அச்சிடும் எண்ணிக்கையைப் போலப் பல மடங்கு முறை விளம்பரம் காட்டப்பட்டிருந்தது. அவர் அந்தத் தாளை நிதானமாகப் படித்துவிட்டு, "தம்பி, இவங்கள்ல எத்தன பேரு நம்ம கடைக்கு வர்ற தூரத்துல இருக்காங்க?" என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் ஐயா என்று திரும்பி வந்து, இடவாரியாகக் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் சென்னையிலும் பெங்களூரிலும் காட்டப்பட்டிருந்தது.

தவறு என்னுடையது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் இரண்டு வழிகள் உண்டு. குறிப்பிட்ட ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டுவது ஒன்று. அந்த ஊரில் இருப்பவர்களோடு, அந்த ஊரைப் பற்றி ஆர்வம் காட்டியவர்களுக்கும் சேர்த்துக் காட்டுவது மற்றொன்று. மாற்றாமல் விட்டால் இரண்டாவதுதான் அமையும். வேறு ஊராக இருந்தால் இதனால் வரும் இழப்பு சிறிதாக இருந்திருக்கலாம். கும்பகோணமோ நவக்கிரகத் தலங்களுக்குச் செல்பவர்கள் தங்குமிடமும் பேருந்தும் தேடுகிற கோயில் நகரம். வெளியூரில் உட்கார்ந்து அதன் பெயரைத் தேடுகிறவர்கள் ஆண்டு முழுவதும் இருக்கிறார்கள். கோயிலுக்கு வர விரும்பியவர்களுக்கு நான் அண்டாவையும் தவலையையும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எஞ்சியதிலும் ஒரு பகுதி கைப்பேசி விளையாட்டுச் செயலிகளுக்குள் போயிருந்தது. அங்கே விழுந்த சொடுக்குகள் பெரும்பாலும், விளையாட்டின் நடுவே மறித்து நிற்கும் படத்தை விலக்க நினைத்துப் படும் விரல்களால் வந்தவை. குழந்தையின் கையில் இருக்கும் கைப்பேசியும் கணக்கில் ஒரு வாடிக்கையாளர்தான்.

இரண்டையும் திருத்தினேன். செயலிகளை முழுவதுமாக விலக்கிவிட்டு, கடையை மையமாக வைத்து 30 கிலோமீட்டர் வட்டம் வரைந்தேன். இனிமேல் சரியாக இருக்கும் என்று நம்பினேன். அந்த வட்டமும் தவறுதான் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முகூர்த்த மாதம் முழுவதும் தேவைப்பட்டது.

பில் போடும் மேசையில் 40 பக்க நோட்டு ஒன்றை வைக்கச் சொல்லியிருந்தேன். பில் போடும் அக்கா ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், எப்படித் தெரிந்து வந்தீர்கள் என்று கேட்டு ஒரு வரி எழுதுவார். ஆவணி முடிந்ததும் அந்த நோட்டை வாங்கி வந்து, ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தேன். குறித்த புள்ளிகள் வட்டமாக அமையவில்லை. சாலைகளை ஒட்டிக் கோடு கோடாக நீண்டன. மேற்கே சுவாமிமலை, பாபநாசம், அய்யம்பேட்டை, தென்கிழக்கே நாச்சியார்கோயில், குடவாசல், தெற்கே வலங்கைமான், வடகிழக்கே திருப்பனந்தாள், கிழக்கே திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் என்று பேருந்து போகும் திசைகளிலேயே புள்ளிகள் விழுந்தன. மயிலாடுதுறை என் வட்டத்துக்குச் சற்று வெளியே நின்றது. ஆனால் ரயிலேறினால் நேராகக் கும்பகோணத்தில் இறங்கிவிடலாம் என்பதால், அங்கிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் எங்கள் விளம்பரம் போயிருக்க வாய்ப்பில்லை. மறுபுறம், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் அரியலூர் மாவட்டக் கிராமங்கள் பல வட்டத்துக்குள் இருந்தன. நேர்க்கோட்டில் அவை அருகில்தான். ஆனால் ஆற்றைக் கடக்க அவர்கள் நீலத்தநல்லூர்ப் பாலத்துக்கோ அணைக்கரைப் பாலத்துக்கோ போய்த்தான் ஆக வேண்டும். அந்தச் சுற்றுக்கு ஜெயங்கொண்டம் போவது அவர்களுக்கு எளிது. வட்டத்துக்கு ஆறும் தெரியாது, ரயிலும் தெரியாது. அதை வரைந்தவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நான், திரையின் முன் உட்கார்ந்ததும் அதை மறந்துவிட்டேன் என்பது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

பெரிய வட்டத்தை அழித்துவிட்டு, நோட்டில் இருந்த ஒவ்வோர் ஊரின் மீதும் நான்கைந்து கிலோமீட்டர் அளவில் சிறு வட்டங்களை வைத்தேன். இதிலும் முழுத் துல்லியம் கிடையாது. கைப்பேசியில் இருப்பிடம் அணைந்திருந்தால் பெரும்பாலும் இணைய இணைப்பின் எண்ணை (ஐ.பி. முகவரி) வைத்துத்தான் ஊரைக் கணிக்கிறார்கள். அப்படிக் கணிக்கும்போது ஆடுதுறையில் இருப்பவர் திருச்சியிலோ சென்னையிலோ இருப்பதாகத் தெரிவதுண்டு. மொழித் தேர்விலும் இப்படியொரு வழுக்கல் இருந்தது. தமிழை மட்டும் தேர்ந்தெடுத்தபோது விளம்பரம் போகும் அளவு வெகுவாகக் குறைந்தது. தமிழ்ச் செய்திகளைத் தினமும் படிக்கிற எங்கள் பகுதி மக்களில் பலர் கைப்பேசியின் அமைப்பை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். விளம்பரத்தைத் தமிழில் எழுதி, மொழித் தேர்வில் ஆங்கிலத்தையும் சேர்த்தபின் அது சரியானது.

எழுதுவதற்கும் பழக வேண்டியிருந்தது. தானாக வடிவம் மாறிக்கொள்ளும் விளம்பரங்களில் தலைப்புக்கு 30 இடங்கள்தான் உண்டு, தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி இடமாக எண்ணப்படுகின்றன. 'நாச்சியார்கோயில் குத்துவிளக்கு' என்று எழுதினேன். நம் கணக்கில் பதினைந்தே எழுத்துகள். பெட்டியின் ஓரத்தில் 30 என்று காட்டியது. கடையின் பெயருக்கு ஓர் இடமும் மிஞ்சவில்லை. படத்திலும் அதே நெருக்கடிதான். கைப்பேசியில் அடியில் வரும் பட்டை 320க்கு 50 பிக்சல் அளவுடையது. அச்சகப் பழக்கத்தில் நான் முழுக் குத்துவிளக்கையும் அதில் வைத்திருந்தேன். ஒரு நாள் முதலாளி தன் கைப்பேசியில் செய்தி படிக்கும்போது அது வந்திருக்கிறது. கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஊதுவத்தி மாதிரி இருக்கு?" என்றார். அதன்பின் விளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்தை மட்டும் பெரிதாக வெட்டி வைத்தோம். இந்தப் பக்கத்தில் அந்த அன்னத்தைப் பார்த்தால் எந்த வீட்டுப் பெண்மணிக்கும் மீதி விளக்கு மனத்தில் தெரிந்துவிடும். படத்தின் பாதிப் பரப்பு ஒரு விநாடி திரையில் நின்றாலே அது பார்க்கப்பட்டது என்று விளம்பரத் துறை கணக்கு வைக்கிறது. அந்த ஒரு விநாடிக்கு முழு விளக்கைவிட ஓர் அன்னம் அதிகம் பேசியது.

சிறிய ஊர்களுக்கு என்று ஒதுக்கியபின் வேறொரு சிக்கல் எழுந்தது. ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் அதே பணத்தைச் செலவிட்டால், ஒரே ஆளையே விளம்பரம் திரும்பத் திரும்பத் துரத்தும். வலங்கைமானிலிருந்து வந்த ஒரு பெண், எதைத் திறந்தாலும் உங்கள் அன்னம்தான் நிற்கிறது என்று கடையில் சலித்துக்கொண்டாராம். அன்றே ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் காட்ட வேண்டாம் என்று வரம்பு வைத்தேன்; செலவையும் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். செலவைக் குறைக்கச் சொல்கிற விளம்பரக்காரனை முதலாளி முதலில் சற்று வியப்போடுதான் பார்த்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விளம்பரத்தைக் கடையில் காட்டினால் ஓர் எவர்சில்வர் கரண்டி இலவசம் என்று ஒரு முறை அறிவித்தோம். நோட்டீஸ் காலத்து யோசனை அது. வந்தவர்கள் பார்த்தேன் என்றார்கள், காட்ட முடியவில்லை. பக்கத்தை மறுபடி திறந்தால் அங்கே வேறு யாருடைய விளம்பரமோ இருக்கிறது. பாப்பாக்குடியிலிருந்து வந்த ஒரு பெரியவர், கல்லாவுக்கு முன் நின்றபடி பத்து நிமிடம் செய்தித் தளத்தை மேலும் கீழும் தள்ளித் தேடினார். நான் அப்போது அங்கே இருந்தேன். அவர் பொய் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்துவிடுவோமோ என்ற கூச்சம் அவர் முகத்தில் இருந்தது. முதலாளி எழுந்து வந்து, "ஐயா, நீங்க சொன்னா போதும்" என்று கரண்டியை அவர் கையில் கொடுத்தார். நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். டிஸ்பிளே விளம்பரத்தை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பிறகு, விளம்பரத்தைத் தொட்டதும் திறக்கும் பக்கத்தில் கடையின் முகவரி, பேருந்து நிலையத்திலிருந்து நடந்துவரும் வழி, அழைப்புப் பொத்தான் ஆகியவற்றோடு, கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு படத்தையும் வைத்தோம். கரண்டிக்கு எதையும் காட்ட வேண்டியதில்லை, ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும் என்று மாற்றினோம்.

அந்த வழக்கத்தால்தான் நோட்டு இன்றும் நிரம்புகிறது. ஒவ்வொரு முகூர்த்தப் பருவம் முடிந்ததும் கும்பகோணத்துக்குப் போய், கல்லாவுக்கு அருகில் உட்கார்ந்து, புதிய பெயர்களைப் படியெடுத்து வருகிறேன். சென்ற தை மாதத்துப் பக்கங்களில் கொள்ளிடத்து வடகரைக் கிராமம் ஒன்றின் பெயர் நான்கு முறை இருந்தது. பெண்ணை இந்தக் கரையில் கொடுத்திருக்கிறார்களாம். நீலத்தநல்லூர்ப் பாலம் வழியாக வந்து, ஒரு தவலையும் இரண்டு குடமும் வாங்கிப் போயிருக்கிறார்கள் என்று பில் போடும் அக்கா சொன்னார். அன்று மாலையே அந்த ஊரின் மீது ஒரு சிறு வட்டம் வைத்தேன்.