அண்ணாச்சிக்கு வந்த இறுதி அறிவிப்பு

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கத்துச் சின்னக் கம்பெனிகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்து, அவர்களுடைய டொமைனை, அதாவது அந்த வெப்சைட்டின் டாட் காம் பெயரை, வருடா வருடம் ரினிவல் செய்து தருவது என் பிழைப்பு. வெப்சைட் என்றால் என்னவென்று என் வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். டொமைன் என்றால், "வருஷத்துக்கு ஒருதடவை ஒரு பில் அனுப்புவியே, அதுதானே?" என்பார்கள். அதுதான். கரண்ட் பில் கட்டுகிறவரை உட்கார வைத்து டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி யாரும் வகுப்பெடுப்பதில்லை.

இந்த அறியாமையை நம்பி உலகத்தில் ஒரு தனித் தொழிலே நடக்கிறது. அது சிவகாசி வரை வந்த கதை இது.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு இங்கே அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அப்புறம் டிசம்பர் வரை அச்சகங்களில் யாருக்கும் மூச்சு விட நேரமிருக்காது. அப்படிப்பட்ட ஒரு நாளில், காலண்டர் அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரின் கணக்குப்பிள்ளை போன் செய்தார். எடுத்ததும் சண்டை.

"தம்பி, பணம் கட்டலாம்னா உங்க சைட்டு வாங்க மாட்டேங்குது. கார்டைப் போட்டா டிக்லைண்டுங்குது. நாளைக்குக் கடைசி நாள்னு வேற போட்டிருக்கு. அப்புறம் கம்பெனி பேரு போயிருச்சுன்னு என்னையச் சொல்லக் கூடாது."

நான் பணமே கேட்கவில்லை. அந்த டொமைனுக்கு இன்னும் பல மாதம் ஆயுள் இருந்தது. "எதையும் தொடாதீங்க, வர்றேன்" என்று வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால், வந்த மெயிலை அச்சகத்து வசதிப்படி நல்ல ஆர்ட் பேப்பரில் கலர் பிரிண்ட் எடுத்து, மற்ற பில்களோடு கிளிப்பில் மாட்டி வைத்திருந்தார் கணக்குப்பிள்ளை. மேலே சிவப்பில் 'இறுதி அறிவிப்பு' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. கீழே கட்டம் போட்டு கம்பெனியின் டொமைன் பெயர், இன்வாய்ஸ் நம்பர் மாதிரி ஒரு நம்பர், டொமைனின் நிஜக் காலாவதித் தேதி, பணம் கட்டக் கடைசி நாள். ஒரு வருடத்துக்கு 86 டாலர், பல வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி. உண்மையில் ஒரு டாட் காம் டொமைனுக்கு, டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் கம்பெனி 2024 செப்டம்பரில் விற்பவர்களுக்கு வைத்த மொத்த வியாபார விலை 10.26 டாலர்தான். அதன்மேல் விற்பவர் லாபமும் ஜிஎஸ்டியும் சேர்ந்தாலும் 86-க்குப் பக்கத்தில் கூட வராது.

அண்ணாச்சி அந்தத் தாளை வாங்கினார். பில்லைப் பார்ப்பது போல் பார்க்கவில்லை. மிஷினிலிருந்து வந்த முதல் பிரதியைப் பார்ப்பது போல, கலர் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று சோதிக்கிற லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்து, மேலிருந்து கீழே வந்தார். அடியில் ஒரு இடத்தில் லென்ஸ் நின்றது.

"இங்க பாரு தம்பி. ஆறு பாயிண்ட். அதுவும் வெளிர் கிரே. இது பில் இல்லை, சேவையை வாங்கச் சொல்லி அனுப்புற அழைப்புன்னு அவனே போட்டிருக்கான்." குரலில் கோபமில்லை, தொழில் மரியாதைதான் இருந்தது. "ஜவுளிக்கடை தள்ளுபடி நோட்டீஸ்ல 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'ன்னு நாம போடுவோம்ல? அதே சைசு."

இன்னொன்றையும் அவரே கண்டுபிடித்தார். தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் ரத்தாகும் என்று மிரட்டியிருந்தது டொமைனை இல்லை, 'இந்தச் சலுகை'யை. அதாவது, நீங்கள் வாங்காவிட்டால் நாங்கள் விற்க மாட்டோம். இதைத்தான் சிவப்பு மையில் சொல்லியிருந்தார்கள். விற்றது டொமைன் ரினிவலே இல்லை. தேடுபொறியில் பெயரைப் பதிந்து தருகிறோம் என்ற ஒரு சேவை. கூகுள் தேடலில் பெயர் வருவதற்குக் கூகுளே யாரிடமும் காசு வாங்குவதில்லை. நடுவில் இவர்களுக்கு எதற்கு?

கார்டு ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டீர்களானால், அதற்கு ரிசர்வ் வங்கிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து புதிதாகக் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருக்காது. நாமே கேட்டுத் திறக்க வேண்டும். அண்ணாச்சி திறக்கவில்லை. வெளிநாட்டில் வாங்க அவருக்கு ஒன்றும் இல்லை.

கணக்குப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "சொத்து வரி, தொழில் வரி, ஜிஎஸ்டி, பிஎஃப், இஎஸ்ஐ, மாசுக் கட்டுப்பாடு, எல்லாத்துலயும் 'தவறினால்'னுதான் போட்டிருக்கு. எது நிஜம் எது பொய்னு நான் விசாரிச்சுக்கிட்டு உக்காந்தா கம்பெனிக்குப் பூட்டு விழுந்துரும்."

என்னைக் கேட்டால் இந்த நோட்டீஸ்கள் முதலாளிக்காக எழுதப்படுவதே இல்லை. பில் வந்தால் கட்டுவதையே வேலையாக வைத்திருக்கும் நாணயமான மனிதருக்காக எழுதப்படுகின்றன. தொகையும் அதற்கேற்ற தொகை. முதலாளியைக் கேட்காமல் கட்டிவிடக் கூடிய அளவு, கட்டியபின் யாரும் கிளறிப் பார்க்காத அளவு. கவனமில்லாத கணக்குப்பிள்ளை என்றால் அதைக் கட்டாமல் மறந்து தொலைத்திருப்பார், பணம் தப்பியிருக்கும்.

"இவனுக்கு எப்படித் தெரியும் நம்ம தேதி?" என்றார் அண்ணாச்சி. டாட் காம் டொமைன் எதை எடுத்தாலும், எந்த ரிஜிஸ்ட்ராரிடம் (டொமைனைப் பதிந்து விற்கும் கம்பெனி) இருக்கிறது, என்றைக்குக் காலாவதி என்பது யார் வேண்டுமானாலும் பார்க்கக் கூடிய விவரம். முன்பெல்லாம் உரிமையாளரின் பெயர், முகவரி, போன் நம்பர் கூடத் திறந்தே கிடக்கும். 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகுதான் பெரும்பாலான இடங்களில் அதை மறைத்தார்கள். மெயில் முகவரிக்கு அவர்கள் சிரமப்பட வேண்டியதே இல்லை. 'எங்களைத் தொடர்புகொள்ள' என்ற பக்கத்தில் நாமே பெரிதாகப் போட்டு வைத்திருக்கிறோம்.

இதற்கு ஒரு சரித்திரம் உண்டு என்று சொன்னேன். மெயிலுக்கு முன்னால் இதைத் தபாலிலேயே செய்தார்கள். டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா என்று ஒரு கம்பெனி. பெயரில்தான் அமெரிக்கா, நடத்தியது கனடாவிலிருந்து. ரினிவல் பில் போலவே கடிதம் வரும். கையெழுத்துப் போட்டுப் பணம் அனுப்பினால் ரினிவல் ஆகும்தான், ஆனால் டொமைன் உங்கள் பழைய ரிஜிஸ்ட்ராரை விட்டு அவர்களிடம் போய்விடும், கூடுதல் விலைக்கு. 2003-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் கோர்ட்டுக்குப் போய், 50,000 பேர் வரைக்கும் பணத்தைத் திருப்பித் தர உத்தரவு வாங்கியது. அதோடு நின்றதா என்றால் இல்லை. அதே பெயரில் போன கடிதங்களுக்காக, 2014-இல் உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு அவர்களோடு தொடர்புடைய ரிஜிஸ்ட்ராரை 90 நாள் சஸ்பெண்ட் செய்ய வேண்டி வந்தது.

அண்ணாச்சிக்கு வழக்கில் ஆர்வமில்லை. "அம்பதாயிரம் பேர் பணம் கட்டியிருக்கான்னா, எத்தனை லட்சம் காப்பி அடிச்சிருப்பான்?" என்று கேட்டுவிட்டு, பேப்பர் விலை, கவர், ஸ்டாம்பு என்று மேஜை ஓரத்தில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். இப்போது டொமைனை இடம் மாற்ற வேண்டுமென்றால் டொமைனுக்குப் போட்ட பூட்டைத் திறந்து, ஆத் கோடு என்ற ரகசியக் குறியீட்டைக் கொடுக்க வேண்டும் என்று நான் விளக்கியது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

சரி, மற்றவர்களாவது மாட்டாமல் இருக்கட்டும் என்று அன்று ராத்திரியே எல்லா வாடிக்கையாளர்களுக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். "டொமைன் ரினிவல் என்று யார் பணம் கேட்டாலும் உடனே கட்ட வேண்டாம். முதலில் என்னைக் கேளுங்கள்."

விடிவதற்குள் பட்டாசுக் கடைக்காரர் ஒருவர் ஜிபேயில் ஆயிரம் ரூபாய் அனுப்பியிருந்தார். "மீதி எவ்ளோ தம்பி?" என்று கூடவே ஒரு மெசேஜ். நான் எழுதியதில் 'ரினிவல்', 'பணம்' என்ற இரண்டும்தான் அவர் கண்ணில் பட்டிருக்கின்றன. திருப்பி அனுப்பினேன். குறைவாக அனுப்பியதால் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து இரண்டாயிரமாக அனுப்பினார். விருதுநகர் வத்தல் மண்டிக்காரர், "உங்க போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க, ஜாக்கிரதை" என்று என்னையே எச்சரித்தார்.

பல் டாக்டர் ஒருவர்தான் நான் எழுதியதை முழுதாகப் படித்தவர். அவரால்தான் பெரிய சிக்கல். சில வாரம் கழித்து அவருடைய டொமைனுக்கு நான் நிஜ பில் அனுப்பினேன். பதிலாக என் எச்சரிக்கையையே எனக்கு ஃபார்வர்டு செய்தார். போன் செய்தேன். "நீங்கதான் பேசறீங்கன்னு எனக்கு என்ன நிச்சயம்?" என்றார். என் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தவர் அவர். வலது பக்கமா இடது பக்கமா என்று கேட்டார். பதற்றத்தில் தவறாகச் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

ரிஜிஸ்ட்ரார் அனுப்பிய மெயில்களும் அதே கதிக்கு ஆளாயின. டாட் காம் போன்றவற்றுக்கு ஐகான் விதிப்படி காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, காலாவதியான ஐந்து நாளுக்குள் இன்னொன்று என்று அறிவிப்பு வந்தாக வேண்டும். வந்தது. மூன்றையும் 'ஃபிராடு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, டாக்டர் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தார்.

கிளினிக் வெப்சைட் இருந்த இடத்தில் யாரோ ஒருவருடைய விளம்பரங்கள் தெரிய ஆரம்பித்த அன்று, நேரில் போய் உட்கார்ந்தேன். டோக்கன் போட்டுத்தான். பயப்பட வேண்டாம், காலாவதி ஆனதும் பெயர் உடனே பறிபோகாது என்று விளக்கினேன். ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரைக்கும் பழைய விலையிலேயே புதுப்பிக்க அவகாசம் இருக்கலாம். அதைத் தவறவிட்டால் 30 நாள் மீட்புக் காலம். அதற்குத் தனியாகப் பெரிய கட்டணம். அப்புறம் 5 நாள் கழித்துத்தான் பெயர் பொதுச் சந்தைக்கு வரும். ஆறுதலுக்காக மைக்ரோசாஃப்ட் கதையையும் சொன்னேன். 1999 டிசம்பரில் அவர்களே, லாகினைக் கவனித்த பாஸ்போர்ட் டாட் காம் டொமைனைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியாமல் ஜனங்கள் தவித்தார்கள். யாரோ ஒரு புரோகிராமர் தன் கைக்காசு 35 டாலரைக் கட்டிச் சரி செய்தார்.

டாக்டர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அவங்களுக்கும் நீங்கதான் பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?" என்றார்.

பணத்தை ரொக்கமாக, ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

இதற்குத் தீர்வு சொன்னது அண்ணாச்சிதான். சந்தேகம் வந்தால் ஐகானின் லுக்அப் பக்கத்தில் டொமைன் பெயரைப் போட்டு, ரிஜிஸ்ட்ரார் யார், தேதி என்ன என்று பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "அதெல்லாம் யாரு பார்ப்பா?" என்று தள்ளிவிட்டார். தன் அச்சகத்திலேயே மேஜையில் வைக்கிற சைசில் ஒரு அட்டை அடித்தார். 'டொமைன் பில் கொடுப்பவர் இவர் ஒருவர்தான்' என்று தலைப்பு, கீழே கம்பெனி டொமைன், ரிஜிஸ்ட்ரார் பெயர், ரினிவல் தேதி, என் நம்பர், நடுவில் என் போட்டோ. காணவில்லை அறிவிப்பு போலத்தான் இருந்தது. ஆனாலும் கணக்குப்பிள்ளை மேஜையில் முருகன் படத்துக்கு அடுத்தபடியாக அது நிற்கிறது. அதிலும் அடியில் ஏதோ பொடி எழுத்தில் இருந்தது. கண்ணைச் சுருக்கிப் படித்தால், 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'.

போன மாதம் அண்ணாச்சிக்குச் சீனாவிலிருந்து மெயில் வந்தது. இது இன்னொரு பழைய ரகம். "உங்கள் கம்பெனி பெயரில் டாட் சிஎன், டாட் ஆசியா டொமைன்களைப் பதிய வேறொரு நிறுவனம் எங்களிடம் விண்ணப்பித்திருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் உடனே சொல்லவும். அவசரம் என்பதால் இதை உங்கள் சிஇஓவிடம் கொடுக்கவும்" என்று தன்மையாக எழுதுவார்கள். அப்படி ஒரு விண்ணப்பதாரர் இருக்கவே மாட்டார். பதில் போட்டால் அந்தப் பெயர்களையெல்லாம் நம் தலையிலேயே கட்டப் பார்ப்பார்கள். பதிலே போடக் கூடாது என்று அண்ணாச்சியிடம் கறாராகச் சொல்ல நினைத்தேன்.

அதற்குள் பதில் போட்டுவிட்டிருந்தார். சிஇஓ என்று தன்னை முதன்முதலாக அழைத்த கம்பெனி அல்லவா? வரும் வருடத்துக்கு அவர்களுக்கு மாதக் காலண்டர் அடித்துத் தருவதாகவும், குறைந்தது ஐநூறு காப்பி ஆர்டர் வேண்டும் என்றும், பாதிப் பணம் முன்பணம் என்றும் எழுதி, சாம்பிள் படங்களையும் இணைத்திருக்கிறார். கடைசி வரி: சலுகை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

"சத்தத்தையே காணோமே, தம்பி. இறுதி அறிவிப்பு ஒண்ணு அனுப்பிப் பார்ப்போமா?"