வேறொருவருக்குச் செய்த கவசம் என் உடம்புக்கு வந்த கதை

முதல் முறை அந்த மார்புக் கவசத்தை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றதற்கே தோள் இரண்டும் எரிய ஆரம்பித்துவிட்டன. குனிந்தால் கீழ் விளிம்பு அடிவயிற்றில் குத்தியது. உட்கார்ந்தால் மேல் விளிம்பு தொண்டையை முட்டியது. கழற்றிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். தோல் வார் அழுந்திய இடத்தில், தோளுக்கு ஒன்றாக, விரல் அகலத்துக்கு இரண்டு சிவந்த கோடுகள். அந்தக் கோடுகள் மறைய இரண்டு நாள் ஆயின. கவசம் என் உடம்புக்குப் பொருந்த எட்டு மாதம் ஆயிற்று.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில். கிழக்கே அரை மணி நேரம் காரில் போனால் டவுட்டன் என்ற சிற்றூர் வரும். 1461 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு அன்று, இங்கிலாந்தின் அரியணைக்குப் போட்டியிட்ட யார்க் தரப்பும் லங்காஸ்டர் தரப்பும் கொட்டும் பனியில் அங்கே மோதின. இங்கிலாந்து மண்ணில் நடந்தவற்றிலேயே மிகக் கொடிய போர் என்று அதைச் சொல்வார்கள். ஒவ்வொரு ஆண்டும் குருத்தோலை ஞாயிற்றை ஒட்டி, அந்தக் காலத்து உடையணிந்து மக்கள் அங்கே கூடி இறந்தவர்களை நினைவுகூர்கிறார்கள். ஒருமுறை வேடிக்கை பார்க்கப் போனேன். ஈர மண்ணில் கவசக்காரர்கள் நடந்து வந்தபோது எழுந்த ஓசையைக் கேட்டேன். தகட்டோடு தகடு உரசும் மெல்லிய ஓசை அது. அன்றே எனக்கும் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

புதிதாக அளவெடுத்துச் செய்யச் சொன்னால் பல ஆயிரம் பவுண்டு ஆகும். அதனால் பழையதைத் தேடினேன். இந்தப் பொழுதுபோக்கை விட்டு விலகும் ஒருவரிடம், 15-ஆம் நூற்றாண்டுப் பாணியில் செய்த முழுத் தொகுதி 450 பவுண்டுக்குக் கிடைத்தது. ஒன்றரை மில்லிமீட்டர் தகடு, எல்லாம் சேர்த்து 24 கிலோ. அவர் உயரம் 183 சென்டிமீட்டர், என் உயரம் 166. "வாரை இறுக்கிக் கட்டினால் போதும், சரியாகிவிடும்" என்றார். அவர் என்னை ஏமாற்றவில்லை. அவர் உடம்புக்கு அது உண்மையாக இருந்திருக்கும். ஆனால் பழைய கவசம் வாங்கப் போகும் எவரும் நம்பக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். வார் சுற்றளவைத்தான் குறைக்கும். நீளத்தைக் குறைக்காது.

என்ன கோளாறு என்று எனக்குப் புரிந்தது ஓர் அருங்காட்சியகத்தில். லீட்ஸில் 1996-இல் திறக்கப்பட்ட ராயல் ஆர்மரீஸ் அது. அனுமதி இலவசம் என்பதால் நான்கைந்து சனிக்கிழமைகள் அங்கேயே கழிந்தன. உண்மையான பழைய மார்புக் கவசங்களின் முன் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது அவற்றின் குட்டையான அளவு. சிறுவனுக்குச் செய்ததோ என்று தோன்றும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் காரணம் தெரியும். அவை முடிவது நாம் பேண்ட் பெல்ட் போடும் இடத்தில் அல்ல. அதற்குச் சற்று மேலே, விலா எலும்பு முடிந்து இடுப்பெலும்பு தொடங்கும் முன் உடல் ஒடுங்குகிற இடத்தில். தமிழில் அந்த இடத்துக்குச் சரியான சொல் இருக்கிறது: இடை. கவசம் இடையில் முடிய வேண்டும். அங்கே உள்ளே ஒடுங்கிப் பின் வெளியே விரிகிற விளிம்பு இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். அப்போது பாரம் தோளை விட்டு இறங்கி இடுப்புக்குப் போகும். உடம்பு மடங்குவதும் அந்த இடத்தில்தான் என்பதால் குனியவும் முடியும். எனக்கு வந்த கவசம் பெல்ட் வரை நீண்டு கிடந்தது. மலிவான நகல்களில் பெரும்பாலும் இந்தப் பிழை இருக்கும். இக்காலத்து ஆள் தன் இடுப்பு என்று நினைக்கும் இடத்துக்கு அவற்றைச் செய்துவிடுகிறார்கள்.

அதே கட்டடத்தில் யானைக் கவசம் ஒன்று நிற்கிறது. மெட்ராஸ் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி ஹென்ரியட்டா கிளைவ் 1801-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது. 5,840 தகடுகள், 118 கிலோ. ஒரு பக்கத்தில் சில பகுதிகள் காணாமல் போய்விட்டன, அப்படியும் இவ்வளவு எடை. முதல் நாள் அதன் முன் நின்றபோது நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. பிறகு நிதானமாகப் பார்த்தேன். சின்னச் சின்னத் தகடுகளைச் சங்கிலி வளையங்களால் கோத்திருக்கிறார்கள். யானை அசைந்தால் இரும்பும் அதோடு அசையும்.

வீடு திரும்பியதும் சுத்தியலை எடுக்கவில்லை. முதலில் துணியை எடுத்தோம். கவசத்துக்கு உள்ளே போடும் சட்டைக்கு ஆங்கிலத்தில் ஆர்மிங் டப்ளெட் என்று பெயர். வெறும் உள்சட்டை என்று நினைத்தால் தவறு. கைக்கவசமும் தொடைக்கவசமும் நாடாக்களால் அந்தச் சட்டையில்தான் தொங்குகின்றன. சட்டை பிசகினால் மேலே போடுவது எல்லாம் பிசகும். இரும்பு குத்தாமல் இருக்கட்டும் என்று நான் முதலில் தடிமனாகப் பஞ்சு வைத்த சட்டை ஒன்றை வாங்கியிருந்தேன். அது மெத்தையைச் சுற்றிக்கொண்டது போல இருந்தது. கவசத்துக்குள் இருந்த கொஞ்ச இடத்தையும் அதுவே அடைத்துக்கொண்டது. தகடு இருக்கும்போது சட்டை மெலிதாக, உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். இரண்டு மூன்று அடுக்கு லினன் போதும்.

தைத்தது என் மனைவி. என் கையைத் தூக்கச் சொல்லிவிட்டு அந்த வாங்கிய சட்டையை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"என்னங்க, இதில் அக்குள் வெட்டு எவ்வளவு கீழே இருக்கிறது பாருங்கள். ரவிக்கையை இப்படி வெட்டினால் கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் மேலே ஏறிவிடும். அக்குளை ஒட்டி மேலே வெட்டினால்தான் கை மட்டும் தூக்கும், உடம்பு அசையாது."

அக்குளை இறுக்கினால் கை அசையாது என்றே அதுவரை நினைத்திருந்தேன். அவள் சொன்னபடி வெட்டித் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கையை உச்சிக்குத் தூக்கினேன். இடையில் கட்டிய நாடா ஒரு விரற்கடைகூட நகரவில்லை. இடைப் பகுதியை மட்டும் நன்றாக இறுக்கித் தைத்தாள், வேட்டியை இறுக்கிக் கட்டியது போல. பாரம் தங்கப்போவது அங்கே என்பதால் அதில் தளர்வே கூடாது.

அடுத்தது மார்புக் கவசம். என் நல்ல காலம், அது ஒரே தகடாக இல்லை. மேல் பாதி ஒன்று, வயிற்றை மூடும் கீழ்ப் பாதி ஒன்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடுவில் ஒரு வாரால் இணைந்திருந்தன. கீழ்ப் பாதியை 4 சென்டிமீட்டர் மேலே தூக்கி, வாருக்கு வேறு இடத்தில் துளை போட்டால் மொத்த நீளம் அந்த அளவுக்குக் குறையும். தகட்டை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் துளை போடும் முன், வாரைத் தகட்டோடு பிணைக்கும் ரிவெட் என்ற ஆணிகளில் பழையவற்றைக் கழற்ற வேண்டும், பிறகு புதியவற்றை அடிக்க வேண்டும். என் வாழ்நாளில் நான் ஒரு ரிவெட்கூட அடித்ததில்லை.

பழைய ரிவெட்டின் அடித்த பக்கத்தை அரத்தால் ராவித் தட்டையாக்கிவிட்டு, மெல்லிய உளி ஒன்றை மேலே வைத்துத் தட்டினால் கழன்று விழுந்துவிடும். அது எளிது. புதிய ரிவெட்தான் என்னைப் படுத்தியது. அடித்த முதல் பத்தும் வளைந்தன. கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருந்த என் தாய்மாமாவிடம் வீடியோ அழைப்பில் காட்டினேன். அண்டா, வாணலிக்குக் கைப்பிடி அடித்துக் காலம் கழித்தவர். ஒன்றைப் பார்த்த உடனேயே சொன்னார்:

"ஆணியை நீளமாக விட்டிருக்கிறாய் மாப்பிள்ளை, அதனால்தான் வளைகிறது. அதன் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் வெளியே நிற்க வேண்டும். நடுவில் ஓங்கி அடிக்காதே. ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டு. காளான் மாதிரி தானாக விரியும்."

3 மில்லிமீட்டர் ஆணிக்கு 3 மில்லிமீட்டர் மட்டும் விட்டு மீதியை நறுக்கினேன். தலைப் பக்கத்தைக் கனத்த இரும்புக் கட்டையின் மேல் வைத்து, உருண்டை முனைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். இருபது தட்டுக்குள் ஓரம் விரிந்து, வளைந்து, தகட்டைக் கவ்விக்கொண்டது. தட்டும் ஒலியும் மாறியது. தளர்வாக இருக்கும்போது சலசலக்கிறது. பிடித்துக்கொண்டதும் கட்டை முழுவதும் ஒரே குரலில் ஒலிக்கிறது. அந்த வித்தியாசம் காதுக்குப் பழகிய பிறகு கண்ணால் சரிபார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

அசைய வேண்டிய இடத்துக்கு வேறு முறை. முழங்கைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சுழல வேண்டும். அங்கே ரிவெட்டை இறுக்கினால் கை மடங்காது. இரண்டு தகடுகளுக்கும் நடுவே தீப்பெட்டி அட்டை போன்ற ஓர் அட்டைத் துண்டைச் செருகி வைத்து ரிவெட் அடித்து, பிறகு அட்டையைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். அட்டையின் தடிமன் அளவுக்கு இடைவெளி மிஞ்சும். இந்தச் சிறிய உபாயம் எனக்குக் கொடுத்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

காய்ந்து வெடித்திருந்த வார்களை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள மாட்டுத்தோலில் புதியவை போட்டேன். துருவை எஃகுப் பஞ்சும் எண்ணெயும் பார்த்துக்கொண்டன.

கால்களில் நான் ஒரு தவறு செய்தேன். கெண்டைக்கால் கவசம் எனக்கு 3 சென்டிமீட்டர் நீளம், நடந்தால் பாதத்தின் மேல் இடித்தது. கண்ணாடி, கையுறை, முகமூடி எல்லாம் அணிந்து, ஆங்கிள் கிரைண்டரால் கீழ் விளிம்பைச் சுற்றிலும் ஒரே மட்டமாக வெட்டினேன். முன்புறத்து இடி நின்றது. ஆனால் கணுக்காலின் இருபுறமும் விளிம்பு எலும்பைக் கடிக்கத் தொடங்கிவிட்டது. பாதம் முன்னால் மேல்நோக்கி மடங்குகிறது, பக்கவாட்டில் எலும்பு புடைத்து நிற்கிறது. அதனால் விளிம்பு முன்புறம் வளைவாக மேலே ஏறி, பக்கவாட்டில் எலும்புக்கு மேல் குழிந்து வெளியே விரிய வேண்டும். நேர்கோடு அங்கே ஆகாது. காகிதத்தில் வெட்டிக் காலில் சுற்றிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். வெட்டிய இரும்பு திரும்ப வளராது. மரக்கட்டையில் குழி தோண்டி, அதில் வைத்து விளிம்பை வெளிப்பக்கம் தட்டி விரித்து ஒருவாறு சரிசெய்தேன். இன்றும் இடது காலில் சற்றே உரசுகிறது.

தொடைக்கவசத்தை, எனக்கு அதை விற்றவர் ஒரு பெல்ட்டில் ஒற்றை வாரால் தொங்கவிட்டிருந்தார். நடக்க நடக்க அது கீழே வழிந்து, முழங்கால் மூடி முழங்காலுக்குக் கீழே போய்விடும். அதைச் சட்டையின் இடைக்கு மாற்றி, ஒவ்வொரு காலுக்கும் மூன்று இடத்தில் மெழுகு தடவிய நாடாவால் கட்டினேன். படி ஏறினேன், குந்தி உட்கார்ந்தேன், தரையில் படுத்து எழுந்தேன். முழங்கால் மூடி முழங்காலிலேயே இருந்தது.

கழுத்துக் கவசத்தை மாட்டியபோது டவுட்டன் போருக்கு முந்தைய நாள் நினைவுக்கு வந்தது. 1461 மார்ச் 28 அன்று லங்காஸ்டர் தரப்புப் பிரபு கிளிஃபோர்ட் வெப்பத்தாலோ வலியாலோ தம் கழுத்துக் கவசத்தைக் கழற்றினார் என்றும், அந்த வேளையில் தொண்டையில் அம்பு பாய்ந்து இறந்தார் என்றும் பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. அதைப் படித்த காலத்தில் அவசரக்காரர் என்று நினைத்திருந்தேன். என் கழுத்துக் கவசத்தின் மேல் விளிம்பு தாடையைத் தாங்கிப் பிடித்துக் கால் மணி நேரம் அழுத்திய பிறகு அப்படி நினைக்கவில்லை. அந்த மனிதரின் கை ஏன் கழுத்துக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியும். உள்ளே, மார்பெலும்பு படும் இடத்தில், கம்பளித் துண்டு ஒன்றை மடித்து வைத்துத் தைத்தேன். பின்வாரை இரண்டு விரற்கடை கீழே இறக்கினேன். விளிம்பு தாடையை விட்டு விலகியது.

தலைக்கவசம் பெரிது. உள்ளே தைத்த லினன் மெத்தையைப் பக்கவாட்டில் மட்டும் தடிப்பாக்கியதும் ஆடாமல் நின்றது.

அடுத்த குருத்தோலை ஞாயிற்றுக்கு டவுட்டனுக்குப் போனேன். உடுத்த முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாடாக்களை என் மனைவி கட்ட வேண்டும், தனியாக ஆகிற காரியம் இல்லை. வயலோரம் இரண்டு மணி நேரம் நடந்தேன், நின்றேன், குனிந்து ஒரு சிறுமியிடம் கையுறையைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பனி இல்லை, காற்று மட்டும் பலமாக அடித்தது. நடக்கும்போது மெல்லிய உரசல் ஓசை எழுந்தது. அது என்னிடமிருந்து வருகிறது என்பதை உணரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மாலையில் காருக்குப் பின்னால் நிற்க வைத்து என் மனைவி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். சட்டையைக் கழற்றியதும் தோளைத் திருப்பிப் பார்த்தாள்.

"தோளில் ஒன்றும் இல்லைங்க."

இடையைச் சுற்றி மட்டும், நாள் முழுக்க வேட்டி கட்டியிருந்தவனுக்கு விழுமே, அதே போல ஒரு தடம் இருந்தது.