மனாகுவாவில் மேலே என்றால் கிழக்கு

ஆட்டோ உதிரிபாகக் கிடங்கு ஒன்றை ஒழுங்குபடுத்திக் கொடுக்க நான்கு மாதம் மத்திய அமெரிக்காவில் இருக்கும் நிகராகுவா போயிருந்தேன். நம் ஊர் ஆட்டோவேதான், அங்கே மோட்டோடாக்சி. கிடங்கு தலைநகர் மனாகுவாவில். முதல் வேலை, பட்டறைகளின் முகவரிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. அரை நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மென்பொருள் கதவு எண் கேட்டது, தெருப்பெயர் கேட்டது. கிடங்கு டிரைவரின் நோட்டில் இருந்ததோ இப்படி: "சின்ன மரம் இருந்த இடத்திலிருந்து ஏரிப்பக்கம் இரண்டு குவாத்ரா, மேலே ஒன்று." குவாத்ரா என்றால் ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த முனை வரை. ஏரிப்பக்கம் என்றால் வடக்கு, சோலோத்லான் ஏரி அங்கேதான் கிடக்கிறது. சரி, அந்த மரம் எங்கே? "அது போய் எத்தனையோ வருஷம் ஆச்சு" என்றார், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல.

என்னைக் கவிழ்த்தது "மேலே"தான். எங்கள் ஊரில் மேலத்தெரு மேற்கே, கீழத்தெரு கிழக்கே. மேல் என்றால் மேற்கு என்று காதிலேயே ஊறிப்போயிருக்கிறது. மனாகுவாவில் மேலே என்றால் சூரியன் ஏறி வரும் பக்கம், கிழக்கு. கீழே என்றால் மேற்கு. இது தெரியாமல் நான் போட்ட வரைபடத்தில் பதினோரு பட்டறைகள் திசை மாறின. ஒரு பெட்டி கிளட்ச் பிளேட் பல் டாக்டர் ஒருவர் வீட்டில் இறங்கியது. மனிதர் கையெழுத்துப் போட்டு வாங்கியும் வைத்துவிட்டார்.

இல்லாத மரத்தை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது நகரின் நடுப்பகுதிக்குப் போனபோதுதான் புரிந்தது. 1972 டிசம்பர் 23, நள்ளிரவு தாண்டி அரை மணி நேரம். அந்த நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், நகரின் மையமே தரைமட்டமானது. வெளிநாட்டிலிருந்து வந்த நிவாரணத்தில் சர்வாதிகாரி சொமோசாவின் ஆட்சி கைவைத்தது. மையத்தைப் பழையபடி கட்டவே இல்லை. ஊர் அதைச் சுற்றிப் பரவிக்கொண்டது. விரிசல் விட்ட பழைய கதீட்ரல் மட்டும் சதுக்கத்தின் ஓரத்தில் பூட்டியபடி நிற்கிறது. 1979 ஜூலையில் அந்த ஆட்சியைக் கவிழ்த்துப் புரட்சிக்காரர்களான சாண்டினிஸ்டாக்கள் வென்றபோது கூட்டம் குவிந்ததும் இந்தச் சதுக்கத்தில்தான்.

மனாகுவா தலைநகரானதே ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி. தாராளவாதிகளின் லியோன் நகரமும் பழமைவாதிகளின் கிரனாடா நகரமும் விடாமல் அடித்துக்கொண்டதால், 1852இல் இரண்டுக்கும் நடுவில் இருந்த மனாகுவாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இன்று எதற்கும் இங்கேதான் வந்தாக வேண்டும். வடக்கே இருக்கும் எஸ்தெலி நகரிலிருந்து ஒரு மெக்கானிக் வருவார். இருட்டிலேயே கிளம்பும் பஸ், அமெரிக்காவில் ஓடி ஓய்ந்த மஞ்சள் பள்ளிக்கூட வண்டி. மயோரேயோ சந்தையில் இறங்கி, ஏதோ அலுவலகத்தில் காகிதத்துக்கு வரிசையில் நின்று, எங்களிடம் பத்து கிளட்ச் கேபிள் வாங்கி, சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். கேபிளை அனுப்பி வைக்கிறேன் என்றால் கேட்கமாட்டார். அந்தப் பல் டாக்டர் கதை அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும்.

கடைசியில் மென்பொருளில் "முன்பு அங்கே என்ன இருந்தது" என்று ஒரு கட்டம் சேர்த்தேன். தலைமை அலுவலகம் காரணம் கேட்டு இரண்டு முறை மெயில் அனுப்பியது.

போன வருஷம் டிரைவரிடமிருந்து செய்தி வந்தது, கிடங்கை மாற்றிவிட்டார்களாம். புது முகவரி: பழைய கிடங்கு இருந்த இடத்திலிருந்து கீழே மூன்று குவாத்ரா.