பாட்காஸ்ட் தொடங்குமுன் ஃபேனை நிறுத்துங்கள்

பொழுதுபோக்காகப் பாட்காஸ்ட் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த மைக் வாங்கலாம்?" முதலில் பார்க்க வேண்டியதோ அறையை. டைல்ஸ் தரை, காங்கிரீட் கூரை, வழுவழுவென்று பூசிய சுவர். நம் வீடுகளில் பேசிய சொல் நாலு பக்கமும் மோதி, சில மில்லி விநாடி பிந்தி மறுபடி மைக்குக்குள் நுழைகிறது. "பாத்ரூமுக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்று கேட்பவர்கள் சொல்வது இதைத்தான். சீரான இரைச்சலைப் பிறகு மென்பொருளில் ஓரளவு குறைக்கலாம். குரலோடு கலந்துவிட்ட எதிரொலியைப் பிரிப்பது பெரும்பாடு.

அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டல் முடிந்த பிறகும் 'ணங்' என்று ஒரு வால் நீண்டால், அந்த அறை வேண்டாம். மெத்தை போட்ட கட்டிலும் துணி அடுக்கிய பீரோவும் உள்ள சின்ன அறையே நல்லது. பீரோ கதவைத் திறந்து வையுங்கள். தடித்த கம்பளியையோ ஜமுக்காளத்தையோ உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள், மைக்குக்குப் பின்னால் அல்ல. மைக்கின் வாய் உங்களைப் பார்த்துத்தானே இருக்கிறது? ஆகவே உங்கள் பின்சுவரிலிருந்து திரும்பும் ஒலிதான் அதற்குள் நேராகப் போகும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். அது மிக மெல்லியது, குரலின் கீழ்ச்சுருதிகளை உறிஞ்சாது, போதாக்குறைக்குத் தீயும் பிடிக்கும்.

இப்போது மைக். மைக்கில் முக்கியமாக இரண்டு வகை. கன்டென்சர் வகை மிக மெல்லிய ஒலியையும் பிடிக்கும் அளவுக்கு நுட்பமானது, அதனாலேயே வீட்டுக்கு ஆகாது: பக்கத்துத் தெரு ஹாரன், குக்கர் விசில், குயில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். டைனமிக் வகை, வாய்க்கு அருகில் இருப்பதைத்தான் பிரதானமாக எடுக்கும். சாம்சன் க்யூ2யூ போன்றவற்றில் கணினியில் நேராகச் செருகும் யுஎஸ்பி, ஒலிப்பதிவுக் கருவிகளுக்கான எக்ஸ்எல்ஆர் என்று இரண்டு இணைப்பும் இருப்பதால் பிற்பாடு கருவி மாற்றினாலும் மைக்கை மாற்ற வேண்டியதில்லை. அரைச் சாண் தள்ளி, அதாவது 10 முதல் 15 சென்டிமீட்டரில், வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் வையுங்கள். நேராக வைத்தால் 'அப்பா', 'பாப்பா' என்று சொல்லும்போதெல்லாம் காற்று மைக்கில் 'புஃப்' என்று மோதும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் நேர்க்குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் (ஒலியின் அளவை அலகு) குறையும். அறையின் எதிரொலி குறையாது. தாளைப் பார்க்கத் தலையைத் திருப்புகிறவர்களின் குரல் திடீரென்று கிணற்றுக்குள் போவதற்குக் காரணம் இதுதான்.

ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். அதன் காற்று மைக்கில் படுவது ஒரு தொல்லை; சுற்றும் இறக்கைகள் ஒலியை ஏற்றி இறக்குவதால் இரைச்சல் சீராக இல்லாமல் போவது இன்னொன்று. சீரற்ற இரைச்சலிடம் நீக்கும் மென்பொருள் தோற்கும். கோடையில் அறையை ஏசி போட்டு முன்கூட்டியே குளிரவைத்து, அணைத்துவிட்டு 20 நிமிடத் துண்டுகளாகப் பதியுங்கள். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் 10 விநாடி யாரும் பேசாமல் இருங்கள். இரைச்சலின் மாதிரியாக அந்த மௌனம்தான் பிறகு உதவும்.

பதிவில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்டால் சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தை. நம் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ்; அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும் கூடவே வரும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் குற்றவாளி சார்ஜரோ பிளக் பாயின்ட்டின் எர்த்தோதான். கரண்ட் போய், மின்சாரத்தைச் சதுர அலையாகத் தரும் ஸ்குவேர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது இது இன்னும் கரகரப்பாகும். கைபேசியை ஃபிளைட் மோடில் போடுங்கள். மைக் ஒயருக்கு அருகில் இருந்தால் 'டிக்-டிக்-டர்ர்' என்று அதுவும் பேசும்.

பதிவின் அளவு: 24 பிட் (ஒலியளவின் நுணுக்கம்), 48 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 மாதிரிகள்), மோனோ (ஒற்றைத் தடம்), சுருக்கப்படாத வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி ஆகும். உரக்கச் சிரித்தாலும் மென்பொருளின் ஒலி மீட்டர் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி வையுங்கள். குறைவாகப் பதிந்ததை ஏற்றலாம், மீட்டரின் உச்ச எல்லையான சுழியத்தில் முட்டி உடைந்ததை முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

நண்பர் வேறு ஊரில் இருந்தால், அழைப்பின் ஒலியையே பதியாதீர்கள். அவரவர் குரலை அவரவர் கருவியில் பதிந்து, பிறகு சேர்ப்பதே முறை. இருவருக்கும் ஹெட்ஃபோன் கட்டாயம். இரண்டு பதிவையும் பொருத்திப் பார்க்கும் அடையாளமாகத் தொடக்கத்திலும் முடிவிலும் கைதட்ட வேண்டும். காரணம், இரண்டு கருவிகளின் உள்கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி விலகிவிடும். கேள்வி முடியுமுன் பதில் வந்து விழும். முடிவுத் தட்டல் எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று பார்த்து, இடையிலுள்ள மௌனங்களில் வெட்டியோ கூட்டியோ சரிக்கட்டலாம். ஒருவர் 44.1 கிலோஹெர்ட்ஸிலும் மற்றவர் 48-லும் பதிந்திருந்து, மென்பொருளும் அதைக் கவனிக்காமல் விட்டால் குரலே கீச்சிடும் அல்லது கனத்துவிடும்.

எடிட்டிங்தான் இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான சுகம். இலவச எடிட்டிங் மென்பொருளான ஆடாசிட்டியே போதும். முதலில் எல்லோருக்கும் தன் குரல் பிடிக்காது. எலும்பு வழியாக உள்ளே கேட்கும் கீழ்ச்சுருதி பதிவில் இல்லாததால் மெலிந்து கேட்கும். சில மணி நேரத்தில் அது பழகிவிடும், வேறொன்று பிடிபடத் தொடங்கும்: அலைவடிவத்தைப் பார்த்தே 'வந்து', 'அதாவது' எங்கே இருக்கிறது என்று கண் சொல்லிவிடும். எல்லாவற்றையும் வெட்டாதீர்கள். மூச்சையும் முழுக்க அழித்தால் பேசுவது மனிதர்தானா என்று சந்தேகம் வரும். யோசித்துத் தயங்கிய தயக்கம் இருக்கட்டும், பழக்கத்தில் வந்த 'வந்து' போகட்டும்.

வரிசை முக்கியம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான தாழ்ந்த ஒலிகளை வெட்டுவது, பிறகு இரைச்சல் குறைப்பு, பிறகு 3:1 கம்ப்ரெஷன் (உரத்த இடங்களை அமுக்கி, உரத்ததற்கும் மெல்லியதற்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது), கடைசியில் லவுட்னஸ் (மொத்த உரப்பைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது). கம்ப்ரெஷனை முதலில் போட்டால் இரைச்சலும் சேர்ந்து மேலேறும். இரைச்சல் குறைப்பு 6 முதல் 9 டெசிபெல் போதும், அதற்கு மேல் போனால் தண்ணீருக்குள்ளிருந்து பேசும் உலோகக் குரல். இறுதி அளவு ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அலகு), மோனோவுக்கு மைனஸ் 19, உச்சம் மைனஸ் 1 டெசிபெல். விநாடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) மோனோ எம்பி3-யில் அரை மணி நேரம் 14.4 எம்பிதான், டேட்டா சிக்கனமாகக் கேட்பவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

தொடக்க இசைக்கு சினிமாப் பாட்டை வைக்காதீர்கள். 'பத்து விநாடி வரை பரவாயில்லை' என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அட்டைப் படம் 1400 முதல் 3000 பிக்சல் வரை, சதுரம். கைபேசியில் அது நகத்தளவுக்குச் சுருங்கும்போது நம் எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும் என்பதால், தடித்த எழுத்தில் இரண்டே சொல். கோப்புப் பெயரில் மட்டும் தமிழும் இடைவெளியும் வேண்டாம், ஆங்கில எழுத்தும் எண்ணுமே பத்திரம். உங்கள் பகுதிகளின் பட்டியலைக் கேட்கும் செயலிகளுக்குத் தரும் ஆர்எஸ்எஸ் ஓடையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றும்போது அந்த எண் மாறிவிட்டால், பழைய பகுதிகளெல்லாம் புதியவை என்று நினைத்துச் செயலிகள் மறுபடி இறக்கிக்கொள்ளும். மாற்றுமுன் அந்த எண்கள் அப்படியே இருக்குமா, பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் '301 திருப்பல்' கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.