அடுத்த அறையில் இருந்தவர்

வர்ஜீனியாவில் என் ஆபீசிலிருந்து மனாசஸ் போர்க்களம் காரில் இருபது நிமிடம். 1861 ஜூலையில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை நடந்த இடம். வேலை நெருக்கும் நாட்களில் சாயங்காலம் அங்கே போய் நடப்பேன். அந்தப் போர்க்கால ஜனாதிபதி லிங்கனைப் படிக்க ஆரம்பித்தது அப்படித்தான். தன்னை மட்டமாக நினைத்தவர்களையே கூட வைத்துக்கொண்டு அவர் எப்படி வேலை வாங்கினார் என்பது என்னை விடவே இல்லை. அதற்குக் காரணம் உண்டு.

நான் டீம் லீட் ஆன புதிதில், ஒரு பெரிய டேட்டாபேஸைப் பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. அதைச் செய்யக்கூடியவராக ஒரே ஒருவர்தான் இருந்தார். முந்தைய வருடம் பன்னிரண்டு பேர் இருந்த மீட்டிங்கில், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பை மூடிவிட்டு, "விஷயம் தெரிந்த யாராவது பேசினால் நேரம் மிச்சமாகும்" என்று சொன்னவர். அன்று பார்க்கிங்கில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

1855-இல் சின்சினாட்டியில் ஓர் அறுவடை எந்திரக் காப்புரிமை வழக்கு. அப்போது வக்கீலாக இருந்த லிங்கன் அதற்காக நன்றாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தார். அதே தரப்பில் வாதாட வந்திருந்த பெரிய வக்கீல் எட்வின் ஸ்டான்டன் அவரை ஓர் ஆளாகவே மதிக்கவில்லை. லிங்கனுக்கு வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடவில்லை. கோர்ட்டில் உட்கார்ந்து மற்றவர்களின் வாதத்தைக் கேட்டார். 1862 ஜனவரியில், சீர்கெட்டுக் கிடந்த போர்த்துறையைத் தூக்கி நிறுத்த ஆள் தேவைப்பட்டபோது, ஜனாதிபதி லிங்கன் அழைத்தது அதே ஸ்டான்டனை.

ஸ்டான்டன் ராணுவத் தந்தி அலுவலகத்தைப் போர்த்துறைக் கட்டடத்தில் தன் அறைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார். வெள்ளை மாளிகையிலிருந்து லிங்கன் அங்கே நடந்தே வருவார். மேஜை இழுப்பறையைத் திறந்து, தந்தி நகல்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படிப்பார். முன்பே படித்தது வந்ததும் நிறுத்துவார். 1863 செப்டம்பரில் சிக்கமாகாவில் தோற்ற அரசுப் படை சட்டனூகா நகரில் மாட்டிக்கொண்டது. நள்ளிரவில் ஸ்டான்டன் கூட்டம் போட்டார். வர்ஜீனியாவிலிருந்து ரயிலில் படை அனுப்பலாம் என்றார். அது நடக்கிற காரியமா என்று லிங்கன் சந்தேகப்பட்டார். ஏறத்தாழ 20,000 வீரர்கள், சுமார் 1,200 மைல் தாண்டி, இரண்டு வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, அவமானத்தையெல்லாம் மென்று விழுங்குவதுதான் பெருந்தன்மை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மெக்கிளெலன் விஷயத்தைப் பாருங்கள். 1861 நவம்பரில் ஒரு ராத்திரி, லிங்கனும் வெளியுறவு அமைச்சர் சீவர்டும் அந்தத் தளபதியின் வீட்டில் காத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிய அவர், ஜனாதிபதி வந்திருக்கிறார் என்று தெரிந்தும், நேரே மாடியேறிப் படுத்துக்கொண்டார். லிங்கன் அதற்காக அவரை நீக்கவில்லை. ஆனால் மறு வருடம் ஆன்டிடம் என்ற இடத்தில் நடந்த சண்டைக்குப் பிறகு அவர் எதிரியைத் துரத்தாமல், குதிரைகள் களைத்துவிட்டன என்று காரணம் சொன்னபோது, ஆன்டிடத்துக்குப் பிறகு களைத்துப்போகும்படி உங்கள் குதிரைகள் என்ன செய்தன என்று கேட்டுத் தந்தி போனது. 1862 நவம்பரில் பதவியும் போனது. லிங்கன் வைத்திருந்தது வேலைக் கணக்கு ஒன்றுதான். அவமானக் கணக்கு எழுத அவரிடம் நோட்டே இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு அந்த நோட்டு இருந்தது. அதனால் இரண்டு நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் காலையில், மீட்டிங்கில் என்னை மட்டம் தட்டிய அந்த மனிதரின் இடத்துக்கே போய், டேட்டாபேஸ் வேலைக்கு வரமுடியுமா என்று கேட்டேன். "ஷெட்யூலை முதலில் பார்க்கிறேன்" என்றார். பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும், அதே பழைய குரலில், பில்லிங் தரவை முதலில் மாற்றினால் வாடிக்கையாளர் பதிவுகள் இணைப்பு அறுந்து அனாதையாகிவிடும் என்றார். முகம் சூடாகிவிட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. வரிசையைத் திருப்பிப் போட்டோம். மாற்றிய அந்தச் சனி, ஞாயிறு முழுக்க அவர் வீட்டுக்குப் போகவில்லை. மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

போன வசந்தத்தில் வாஷிங்டனில், ஃபோர்டு தியேட்டருக்கு எதிரே இருக்கும் பீட்டர்சன் வீட்டுக்குப் போனேன். குண்டடிபட்ட லிங்கனை அங்கேதான் தூக்கி வந்தார்கள். அவர் உயரத்துக்குக் கட்டில் போதாமல் குறுக்காகப் படுக்க வைத்தார்கள். வருகிறவர்கள் அந்தக் கட்டில் அறையை நோக்கித்தான் நகர்கிறார்கள். நான் பக்கத்து அறையில் நின்றுவிட்டேன். 1865 ஏப்ரல் 14 இரவு முழுக்க ஸ்டான்டன் அங்கே உட்கார்ந்து சாட்சிகளை விசாரித்தார், கொலையாளியைப் பிடிக்கத் தந்திகள் அனுப்பினார், அரசாங்கத்தையே நடத்தினார். ஜேம்ஸ் டேனர் என்ற இளம் முன்னாள் போர்வீரர், போரில் இரண்டு கால்களையும் இழந்தவர், சாட்சியங்களைச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். காலை 7.22-க்கு லிங்கனின் மூச்சு நின்றபோது, ஸ்டான்டன் அந்தக் கட்டிலருகே இருந்தார்.