ஓஎஸ் குழு வேலை: முதலில் ஹெடர் கோப்பு, பிறகுதான் கோட்

ஒப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தில் குழு வேலைக்கு எக்ஸ்வி6 கிடைத்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எக்ஸ்வி6 என்பது எம்ஐடியில் பாடம் நடத்துவதற்காக, பழைய யூனிக்ஸ் 6ஆம் பதிப்பைப் பின்பற்றி எழுதிய சின்னக் கேர்னல், அதாவது ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி. எங்கள் குழுவில் இருவர் பகிர்வு நினைவகம் (பல நிரல்கள் சேர்ந்து பயன்படுத்தும் நினைவகம்) செய்வது, மற்ற இருவர் செமஃபோர் (நிரல்கள் ஒன்றையொன்று காத்திருக்க உதவும் எண்ணி) செய்வது என்று பிரித்துக்கொண்டோம்.

பிரித்த கையோடு ஆளுக்கொரு மூலையில் கோட் அடிக்கத் தொடங்காதீர்கள். உவர்மலையில் நண்பன் வீட்டு விறாந்தையில் கூடி, நாங்கள் முதலில் எழுதியது டெஃப்ஸ்.எச் என்ற ஹெடர் கோப்பில் சேரவேண்டிய வரிகளை மட்டும்தான். கேர்னலின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை அழைக்கும் ஃபங்ஷன்களின் அறிவிப்பெல்லாம் அந்த ஒரே கோப்பில் இருக்கும். சண்டை பிடிப்பதென்றால் அங்கேயே பிடித்து முடிக்கலாம்.

பிடித்தோம். பகிர்வு நினைவகத்துக்கான ஒரு ஃபங்ஷனுக்கு “எஸ்எச்எம்_கெட் என்று வைப்போம்” என்றேன். “கெட் என்றால் சும்மா தேடித் தருமா, இல்லை ரெஃபரன்ஸ் எண்ணிக்கையையும் கூட்டுமா, மச்சான்?” என்று செமஃபோர் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. நல்ல கேள்வி. ரெஃபரன்ஸ் எண்ணிக்கை என்பது ஒன்றை இப்போது எத்தனை இடங்களில் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு. லினக்ஸ் கேர்னலில் கெட், புட் இரண்டும் பெரும்பாலும் சோடியாகவே வரும்: கெட் எண்ணிக்கையைக் கூட்டும், புட் குறைக்கும். நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். சும்மா தேடுவதற்கு ஃபைன்ட் என்று தனிப்பெயர்.

அடுத்தது ரிட்டேர்ன் மதிப்பு. எக்ஸ்வி6இல் நினைவகம் ஒதுக்கித் தரும் கேஅலொக் ஃபங்ஷன் 0 தந்தால் நினைவகம் இல்லை என்று அர்த்தம். நினைவக முகவரிகளை இணைத்து வைக்கும் மேப்பேஜஸ் 0 தந்தால் வேலை சரியாக முடிந்தது என்று அர்த்தம். முதலாவது பொயின்டர், அதாவது நினைவக முகவரி, தருகிறது, இரண்டாவது வெற்றியா தோல்வியா என்று சொல்கிறது, அதனால் இரண்டும் அதனதன் இடத்தில் சரிதான். ஆனால் நாலு பேர் எழுதும்போது இது ஊகத்துக்கு விடக்கூடிய விஷயமில்லை. லினக்ஸின் கோடிங் ஸ்டைல் ஆவணத்தில் இதற்கு ஒரு விதி உண்டு. பெயர் ஒரு செயலைச் சொன்னால் வெற்றிக்கு 0, தோல்விக்கு மைனஸ் பிழை எண். பெயர் கேள்வி மாதிரி இருந்தால் ஆம் அல்லது இல்லை. அந்த விதியைக் கோப்பின் தலையில் கொமென்டாகவே போட்டுவிட்டோம்.

லொக்கை, அதாவது ஒரே தரவில் இருவர் ஒரே நேரத்தில் கை வைக்காமல் காக்கும் பூட்டை, யார் பிடிப்பது என்பதுதான் நேரத்தைத் தின்றது. அதற்கு எக்ஸ்வி6இன் ஐகெட், ஐலொக் இரண்டையும் ஆறுதலாக உட்கார்ந்து வாசியுங்கள். ஐகெட் ஐநோடுக்கு (ஒரு கோப்பு அல்லது டிரெக்டரி பற்றிய விவரங்களைக் கேர்னல் வைத்திருக்கும் பதிவு) ஒரு ரெஃபரன்ஸ் மட்டும் தரும், லொக் பண்ணாது. காரணம் இருக்கிறது. பாதையைத் தேடும்போது டிரெக்டரியின் லொக் ஏற்கெனவே நம் கையில். தேடும் பெயர் ஒற்றைப் புள்ளி, அதாவது அதே டிரெக்டரி, என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐகெட்டும் லொக் பிடிக்கப் போனால், தான் பிடித்த லொக்குக்காகத் தானே காத்துக் கிடக்கவேண்டும். அதனால் டிரெக்டரியில் பெயரைத் தேடும் டிர்லுக்கப் ஃபங்ஷன் லொக் இல்லாத ஐநோடைத் தருகிறது. பழைய டிரெக்டரியை விடுவித்த பிறகே அடுத்ததை லொக் பண்ணுகிறார்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எங்களிடம் கேட்டதும் ஏறத்தாழ இதுதான். செமஃபோர் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கத் தயாராகப் போனால், “இந்த ஃபங்ஷனை அழைக்கும்போது எந்த லொக் யார் கையில்?” என்றுதான் தொடங்கினார்கள்.

ஹெடர் கோப்பை எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று, இனி மாற்றவே கூடாது என்று நினைக்கவேண்டாம். லினக்ஸே உள் இடைமுகங்களை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது. 2019இல் வந்த 5.0இல் அக்ஸஸ்_ஓகே ஃபங்ஷனின் ஒரு ஆர்கியுமென்டையே தூக்கினார்கள். அழைக்கும் இடங்களையும் கூடவே திருத்தினார்கள், அதுதான் முக்கியம். பயனர் நிரல்கள் கேர்னலிடம் வேலை கேட்கும் வழிகளான சிஸ்டம் கோல்களில் மட்டும் அப்படிக் கை வைக்கமாட்டார்கள். ஆகவே பயனர் நிரல்களுக்கான ஹெடர் கோப்பான யூசர்.எச்சில் போகும் பெயர்களுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். டெஃப்ஸ்.எச்சில் யாராவது ஒரு வரியை மாற்றினால், அழைக்கும் இடங்களையும் அதே கொமிட்டில் அவரே திருத்தட்டும்.