முதல் சிசேரியன் எங்கே தொடங்குகிறது? எங்கள் பிரசவ வார்டில் செய்த தணிக்கை

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றுப்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. அவர்களைக் குறைசொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அரசு மருத்துவமனைகளிலும் 36 சதவீதம் என்றிருந்தது. நான் பணிபுரிவதும் அரசு மருத்துவமனையின் மகப்பேறு வார்டில்தான். யாருக்கு, எதற்காக அறுக்கிறோம் என்று பார்க்க, ராப்சன் வகைப்பாட்டைக் கையில் எடுத்தோம்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்த முறை இது. தலைச்சனா, முன்பு சிசேரியன் ஆனதா, குழந்தையின் தலை கீழே இருக்கிறதா, மாதம் நிரம்பிவிட்டதா, வலி தானாக வந்ததா என்பது போன்ற சில கேள்விகளிலேயே எல்லாத் தாய்மாரும் பத்துப் பிரிவுகளுக்குள் வந்துவிடுவார்கள். பிரசவப் பதிவேட்டில் செவிலியர்கள் ஒரு கட்டம் கூடுதலாக நிரப்பினால் போதும்.

முன்பே சிசேரியன் ஆனவர்களின் ஐந்தாம் பிரிவுதான் பெரிதாக இருந்தது. அவர்களுக்கு அந்த முதல் சிசேரியன் ஏன் நடந்திருக்கும்? விடை முதல் பிரிவில் கிடைத்தது: மாதம் நிரம்பி, வலி தானாக வந்த தலைச்சன் பிரசவங்கள். அந்தக் கேஸ் ஷீட்டுகளில் திரும்பத் திரும்ப ஒரே காரணம், ‘பிரசவம் முன்னேறவில்லை’. கர்ப்பப்பை வாய் மூன்று சென்டிமீட்டர் திறந்தபோதே அட்மிஷன், உடனே வலியைக் கூட்டும் டிரிப், மறுநாள் ஆபரேஷன். வலி முறையாகப் பிடிக்கும் முன்பே முன்னேறவில்லை என்று எழுதிவிட்டோம்!

ஐந்து சென்டிமீட்டரிலிருந்துதான் பிரசவ வலியின் தீவிரக் கட்டம் என்றும், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதை மட்டும் வைத்து அவசரப்படக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. அதை வார்டுச் சுவரில் ஒட்டினோம். தாயும் குழந்தையும் நலமாக இருந்தால் அதுவரை பிரசவ அறைக்குள் எடுப்பதில்லை. ‘முன்னேறவில்லை’ என்று அறுக்கும் முன் இன்னொரு மூத்த மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். குழந்தையின் துடிப்பு இறங்கினால் இந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது, நேரே தியேட்டர்தான்.

குடும்பங்களைச் சமாதானப்படுத்துவதுதான் பெரும்பாடு. “என் மகள் துடிக்கிறாளே டாக்டரம்மா, வயிற்றைக் கிழித்தாவது எடுத்துவிடுங்கள்” என்று ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். டாப்ளரை மகள் வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கச் செய்தேன். “இது ஒழுங்காக இருக்கிறதம்மா. நீங்கள் கூடவே இருங்கள்” என்றேன். வராந்தாவில் மகளைத் தாங்கி நடத்தினார். வலி வரும்போதெல்லாம் நின்று இடுப்பை நீவிவிட்டார். அன்று மாலையே சுகப்பிரசவம். உடனிருக்கும் ஒரு பெண்துணை, பல நேரம் டிரிப்பை விட அதிகம் செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் பிரிவில் சிசேரியன் குறைந்து வருகிறது. ஐந்தாம் பிரிவு அப்படியே நிற்கிறது. முந்தைய சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவத்துக்கு முயலும்போது, ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்குக் கர்ப்பப்பையின் பழைய தழும்பு பிரியலாம். அதற்காகத் தியேட்டர், இரத்தம், மயக்க மருத்துவர் எல்லாம் எந்நேரமும் தயாராக இருந்தாக வேண்டும். எங்களிடம் இரவில் மயக்க மருத்துவர் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அதனால் இரவில் வலியோடு வருபவர்களுக்கு அந்த வாய்ப்பை இன்னும் தர முடியவில்லை. இரவுப் பணிக்கும் ஒருவரை நியமிக்கும்படி எழுதிக் கேட்டிருக்கிறோம்.